ஊர் மேடையில் சொல்ல ஒரு வலுவான கருத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் மேடைகளுக்குக் குறைவில்லை. வாணி விழா, ஒளி விழா, பரிசளிப்பு விழா, கமக்காரர் அமைப்பின் பொதுக்கூட்டம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மகளிர் தினம், சனசமூக நிலையத்தின் ஆண்டு நிறைவு என்று ஆண்டு முழுவதும் யாராவது யாரையாவது பேசக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அப்படிக் கூப்பிடப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேச்சைத் தயார்செய்ய உதவிவருகிறேன். அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளே இவை. குரல், உச்சரிப்பு, மேடைக்கூச்சம் பற்றி இங்கே எதுவும் இல்லை. அவற்றுக்கெல்லாம் முந்திய வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: எதைச் சொல்லப் போகிறோம் என்பதைக் கண்டுபிடிப்பது.

"நீரே எமது செல்வம்" என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். தலைப்பு இருக்கும்போது கருத்து என்று தனியாக ஒன்று வேண்டுமா?

வேண்டும். அந்தத் தலைப்பில் ஒரே மேடையில் பத்துப் பேர் பேசலாம். பத்துப் பேரும் ஒன்றையே சொல்லிவிட்டு இறங்கலாம். நீரின்றி உயிரில்லை, நீரை வீணாக்காதீர்கள், வருங்காலச் சந்ததிக்கு விட்டுவைப்போம். சபையில் ஒருவரும் மறுக்கமாட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள்.

அதே தலைப்புக்குள் கிளிநொச்சிக்காரர் ஒருவர் எப்படி இறங்கலாம் என்று பாருங்கள். இரணைமடுவின் கீழ் காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் கிடக்கும் தண்ணீர்தான் கதி. எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை அந்தத் தண்ணீரின் அளவைப் பார்த்துக் கூட்டம் வைத்து முடிவுசெய்கிறார்கள். தண்ணீர் குறைந்த ஆண்டில் எல்லா வயலுக்கும் பாயாது. பங்கு போட வேண்டியதுதான். குத்தகைக்கு வயல் செய்கிற ஒருவர் மேடையேறி, "பங்கு காணிக்காரரின் பெயரில் போகிறது, விதைக்கிறவர்கள் நாங்கள். சிறுபோகக் கூட்டத்தில் குத்தகைக்காரரையும் கேட்டு முடிவெடுங்கள்" என்று சொன்னால் சபை நிமிர்ந்து உட்காரும். சிலர் தலையாட்டுவார்கள், சிலருக்குக் கோபம் வரும், இன்னும் சிலர் "அப்படியென்றால் குத்தகையை எழுத்தில் வைக்க வேண்டுமே" என்று யோசிக்கத் தொடங்குவார்கள். தலைப்பை மாற்றத் தேவையில்லை. தலைப்புக்குள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் கருத்து.

ஒரு கருத்து வலுவானதா என்பதை எதைக்கொண்டு அறிவது?

ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். நேர்மையான, புத்தியுள்ள ஒருவர் அதை மறுக்க இடமிருக்க வேண்டும். கேட்டவருக்கு ஏதாவது ஒன்று வேறாகத் தெரிய வேண்டும், அல்லது செய்ய ஒரு வேலை கிடைக்க வேண்டும். இவற்றைவிட முக்கியம் என்று நான் நினைப்பது இன்னொன்று: அந்த வாக்கியத்துக்கு நீங்கள் வந்துசேர்ந்த வழி உங்களுடையதாக இருக்க வேண்டும். கண்ணால் கண்டது, கையால் செய்தது, விசாரித்துத் தெரிந்துகொண்டது என்று அதன் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். முல்லைத்தீவுப் பக்கம் பல பேச்சுகள் "பண்டாரவன்னியன் ஆண்ட மண்ணிலே" என்று தொடங்கும். தொடங்கட்டும், அது நமக்குப் பெருமைதான். 1803 ஓகஸ்டில் அவன் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயரை விரட்டியது வரலாறு. ஆனால் பெருமைப்படுவது மட்டும் கருத்தாகிவிடாது. கற்சிலைமடுவில் அவன் நினைவாக நடப்பட்ட கல்லை எண்ணிப் பாருங்கள். 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்த செய்தியைத்தான் அது ஆங்கிலத்தில் சொல்கிறது. நம் வீரனின் பெயர் அவனை வென்றவர்களின் மொழியில், அவர்களுடைய வெற்றிச் செய்தியாகக் கல்லில் ஏறியிருக்கிறது. இதைக் கவனித்த ஒரு மாணவி, "எங்கள் ஊரின் கதையை நாங்கள் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார், ஆகவே இந்த ஆண்டு ஒவ்வொரு வகுப்பும் ஊரில் உள்ள ஒரு முதியவரின் வாழ்க்கையை எழுதி நூலகத்தில் வைக்க வேண்டும்" என்று பேசினால், அதே பண்டாரவன்னியன் ஒரு கருத்தைத் தாங்கி நிற்பான்.

நான் படித்தவள் அல்ல. சங்கத்தில் பொருளாளராக இருப்பதால் பேசச் சொல்கிறார்கள். என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் இருக்கும் அளவுக்குப் பொருள் வேறு யாரிடமும் இருப்பதில்லை. அது பேச்சுக்கு உரியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்களைத் தொடர்ந்து உறுத்துவது எது என்று தேடுங்கள். கோபமூட்டுவது எது? மற்றவர்கள் சாதாரணமாகக் கடந்துபோக, நீங்கள் மட்டும் நின்று பார்ப்பது எது? வேலையில் நீங்கள் கண்டுபிடித்த, வேறெவரும் சொல்லித்தராத ஒரு வழி எது? முன்பு ஒரு விதமாக நம்பி, இப்போது வேறு விதமாக நினைப்பது எதைப் பற்றி? இவற்றுக்குப் பதிலை எழுத வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிப் பாருங்கள். எங்கே உங்கள் பேச்சு வேகமெடுக்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடன் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வன்னியின் ஒழுங்கைகளுக்குள் வந்தன; தவணைக்காசு வாங்க ஆள் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிந்திருந்த பெண்களை நம் எல்லோருக்கும் தெரியும். இதைப் பற்றிப் "பெண்களும் கடன்சுமையும்" என்று பேசினால் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் ஒரு பொருளாளருக்குக் கணக்குத் தெரியும். 50,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 24 சதவீதம் என்று சொல்லி, வட்டி 12,000 ரூபாயைச் சேர்த்து, 62,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத்துக்குச் சமமாகப் பிரித்து வாங்குகிறார்கள் என்று வைப்போம். வாங்கிய கடன்தொகையில் ஒரு பகுதியை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு 50,000 ரூபாய்க்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி போடுகிற முறையில் கணக்குப் பார்த்தால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டும். "கையெழுத்து வைப்பதற்கு முன், குறைந்துசெல்லும் மீதிக்கு எத்தனை வீதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், தராவிட்டால் எழுந்து வாருங்கள்." இதைச் சொல்லப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு கரும்பலகையும் சோக்குத்துண்டும் இருந்தால் போதும்.

ஒரு சின்ன எண்ணம் இருக்கிறது. அதைப் பேச்சாகும் அளவுக்கு வளர்ப்பது எப்படி?

அதை மறுபடி மறுபடி எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியால் அதை இடித்துப் பாருங்கள். மல்லாவி, துணுக்காய், நெடுங்கேணிப் பக்கங்களில் எல்லோருக்கும் தெரிந்த யானைப் பிரச்சினையை வைத்துச் செய்துகாட்டுகிறேன்.

முதல் வாக்கியம்: "யானையால் பெரும் பாதிப்பு." இது செய்தி. எல்லோருக்கும் தெரியும். யார் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

இரண்டாவது: "அரசாங்கம் மின்வேலி போட்டுத் தர வேண்டும்." இது கோரிக்கை. சபையில் இருப்பது அரசாங்கம் அல்ல, ஊர்ச்சனம். அவர்களுக்கு இதில் வேலை இல்லை. அதோடு, வேலி போட்ட ஊர்களில் யானை வரவில்லையா என்று ஒருவர் கேட்டால் என்ன பதில்?

இந்தக் கேள்வி உங்களை நடக்க வைக்கும். வேலி இருக்கிற ஊருக்குப் போய்ப் பாருங்கள். மாரி மழைக்குப் பிறகு புல்லும் கொடியும் வளர்ந்து கம்பியைத் தொடுகின்றன. தொட்ட இடமெல்லாம் மின்சாரம் நிலத்துக்குள் கசிகிறது. கம்பியில் அதிர்வு குறைகிறது. மின்கலம் பழுதானால் மாற்ற ஆளில்லை. யானை மரக்கிளையை முறித்துக் கம்பியின் மேல் போடும், கட்டையைத் தள்ளிச் சாய்க்கும். அந்த இடைவெளி சரிசெய்யப்படும் வரைக்கும் அதுவே பாதை. வேலியைப் போட்டவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைக் காப்பது யாருடைய வேலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது: "வேலியைப் பராமரிக்க வேண்டும்." நெருங்கிவிட்டோம். ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள், ஒருவரும் செய்யமாட்டார்கள். யார், எப்போது, எந்தச் செலவில்?

நான்காவது: "மின்வேலி கேட்டு மனுக் கொடுப்பதற்கு முன், கிழமைக்கு ஒரு நாள் கம்பியோரம் புல் வெட்டும் முறைப்பட்டியலை ஊர் எழுதி முடிக்கட்டும், பட்டியல் இல்லாத ஊருக்கு வேலி வேண்டாம்."

கடைசிப் பகுதியைப் பாருங்கள். "வேலி வேண்டாம்" என்றதும் ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்பார். உங்கள் கருத்துக்கு உயிர் வந்துவிட்டது. இனி பேச்சின் உடலைத் தேடி அலைய வேண்டியதில்லை. போய்ப் பார்த்த வேலி, கசிகிற மின்சாரம், எழுந்து நிற்கப்போகிறவருக்கான பதில், முறைப்பட்டியலின் மாதிரி ஆகியவை தாமாக வரிசைக்கு வரும். நல்ல வாக்கியம் கிடைத்துவிட்டால் பேச்சை எழுதுவது பாதி வேலைதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். வாக்கியம் இல்லாமல் பேச்சை எழுதத் தொடங்குகிறவர்கள்தான் இரவிரவாக விழித்திருக்கிறார்கள்.

எவ்வளவு தகவல் திரட்ட வேண்டும்?

உங்கள் வாக்கியத்தைத் தாங்கும் அளவுக்கு. அதற்கு மேல் திரட்டியதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி வந்தால் உதவும். மாவட்டச் செயலகம் வெளியிடும் புள்ளிவிபரக் கைநூல், கமநல சேவை நிலையம், நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலகம், கிராம அலுவலர், ஊரின் பழைய ஆசிரியர் என்று கேட்க இடங்கள் இருக்கின்றன. ஈழத்து நூல்களையும் பழைய இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தின் இணையத்தளத்தைக் கைபேசியிலேயே இலவசமாக வாசிக்கலாம். வன்னி பற்றிய பலதும் அங்கே இருக்கிறது. நம் வீடுகளில் இருந்த புத்தகங்கள் இடம்பெயர்வுகளில் போய்விட்டன என்பதை நினைத்தால் அதன் அருமை புரியும்.

ஓர் எச்சரிக்கை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதீர்கள். வவுனியாப் பகுதிகளில் நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. மேடைகளில் "உரமும் கிருமிநாசினியும்தான் காரணம்" என்று அடித்துச் சொல்கிறார்கள். கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, வேளாண் இரசாயனங்கள், வெயிலில் நீரிழப்போடு உழைப்பது என்று பலதையும் ஆய்வாளர்கள் பார்த்துவருகிறார்கள். ஒரே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாத ஒன்றின் மேல் கருத்தைக் கட்டினால், சபையில் இருக்கும் ஒரு தாதியோ ஆசிரியரோ எழுந்து ஒரு கேள்வியால் அதைச் சாய்த்துவிடுவார். "காரணம் முடிவாகும் வரைக்கும் காத்திராமல், கிணற்று நீரைச் சோதிப்பதையும் ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை செய்வதையும் பழக்கமாக்குவோம்" என்பது நிற்கும். காரணம் எதுவானாலும் அது நிற்கும்.

போரைப் பற்றிப் பேசலாமா? பேசாமல் இருக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

பேசலாம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில், நினைவேந்தலில் சொல்வதும் இங்கே நாம் பேசும் பேச்சும் ஒன்றல்ல. விளக்கேற்றி, இழந்தவரின் பெயரைச் சொல்லி அழுகிற இடத்தில் கருத்து எதுவும் தேவையில்லை. அங்கே சாட்சி சொல்வதே போதும். அதைத் திருத்தவோ வடிவமைக்கவோ யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் ஒரு பாடசாலையிலோ சங்கத்திலோ உங்களைப் பேசக் கூப்பிட்டு, நீங்கள் அந்தக் காலத்தைத் தொட விரும்பினால், கேட்பவர்களிடம் நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று யோசிக்க வேண்டும். இன்று சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள் 2009ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள். அவர்களுக்கு அது தாயின் மௌனத்திலும் தந்தையின் திடீர்க் கோபத்திலும் தெரிந்த காலம். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் துயரத்தை மட்டும் இறக்கிவைத்துவிட்டு இறங்கினால், அதை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன நாட்களிலும் மரத்தடியிலும் தறப்பாளின் கீழும் வகுப்பு நடத்திய ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த நாட்களைச் சொல்லி, "அன்று பதுங்குகுழிக்குப் பக்கத்தில் இடாப்புக் கூப்பிட்டோம், வராத பிள்ளையைத் தேடிப் போனோம். இன்று ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்குத் தேடிப்போக ஒருவரை ஒவ்வொரு வகுப்புக்கும் நியமியுங்கள்" என்று கேட்டால், கடந்த காலம் இன்றைய பிள்ளையின் கையைப் பிடிக்கிறது.

ஒரே வாக்கியத்தின் வலிமைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கே என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆண்டுக்கணக்காக அந்தக் கேள்வியின் கூர் மழுங்கவும் இல்லை. அந்தத் தாய்மாரில் மேடைப்பேச்சுப் பழகியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மற்றவருடைய துயரத்தைச் சொல்வதானால் அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். வன்னியில் எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை பிள்ளைகளோடு என்று சொன்னாலே யாரென்று தெரிந்துவிடும். அவர் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவும் கூடும். உங்களுடைய காயமேயானாலும், வீட்டில் சத்தமாகச் சொல்லிப்பார்க்கும்போது தொடர முடியாமல் நின்றுவிடுகிறீர்கள் என்றால், அந்தப் பகுதியை இந்த மேடைக்குக் கொண்டுவர வேண்டாம். எதையெல்லாம் சொல்லாமல் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை முழுக்க முழுக்க உங்களுடையது. ஏற்பாட்டாளர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும்.

சபையில் யார் இருப்பார்கள் என்று முன்பே தெரியவேண்டுமா? எல்லோரும் நம் ஊர்ச்சனம்தானே?

நம் ஊர்ச்சனம் என்பது ஒரு சீரான கூட்டம் அல்ல. முள்ளியவளை, ஒட்டுசுட்டான் போன்ற பழைய வன்னிக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் ஒரு பக்கம். குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்து காடுவெட்டியவர்களின் பிள்ளைகள் இன்னொரு பக்கம். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், 1990இல் வெளியேற்றப்பட்டுப் போர் முடிந்த பிறகு திரும்பிவந்த முஸ்லிம் குடும்பங்கள் என்று எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருக்கலாம்.

"பரம்பரை பரம்பரையாக நாம் உழுத நிலம்" என்று நீங்கள் தொடங்கினால் இவர்களில் பாதிப்பேர் அந்த "நாம்" என்பதற்கு வெளியே நிற்பார்கள். இன்னும் காணி உறுதி கிடைக்காத ஒரு மலையகக் குடும்பத்துக்கு அது எப்படிக் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். எல்லோருக்கும் பிடித்ததைச் சொல்லச் சொல்லவில்லை. யாரோடு உடன்படாமல் பேசுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது. ஏற்பாட்டாளரிடம் யார் யாரை அழைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். சொல்வார்கள்.

எனக்கு ஏழு நிமிடம்தான். எத்தனை கருத்து?

ஒன்று. உலகப் புகழ்பெற்ற டெட் மேடையிலேயே உச்சவரம்பு 18 நிமிடம்; அங்கும் ஒரு பேச்சுக்கு ஒரு கருத்துத்தான். இரண்டாவது கருத்து நன்றாக இருந்தால் அடுத்த விழாவுக்கு வைத்திருங்கள். அவையோரை விளித்து வணங்குவதற்கே இரண்டு நிமிடம் போய்விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று முடித்துக்கொண்டால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.

பழம்பாடல் ஒன்றோடு தொடங்கலாமா?

அந்தப் பாடல் இல்லாவிட்டால் உங்கள் வாக்கியம் குறைபட்டுப்போகும் என்றால் தாராளமாக. தொடங்க வேறு வழி தெரியாததால் என்றால் வேண்டாம்.

தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிகளில் மாகாண மட்டம் வரை போயிருக்கிறேன். இப்போது மட்டும் ஏன் தடுமாறுகிறேன்?

அங்கே நீங்கள் கற்றது வீணல்ல. மனனம், குரல், மொழிவளம், நேரத்துக்குள் முடிப்பது எல்லாம் கைவந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆசிரியர் எழுதித் தந்ததைச் சொன்னீர்கள். நடுவர்கள் சொன்ன விதத்துக்குப் புள்ளியிட்டார்கள். இப்போது சபை உங்களிடம் புள்ளித்தாள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறது. பட்டிமன்றமும் அப்படியே. எந்த அணி என்பதை வேறொருவர் தீர்மானிக்க, அதற்கு வாதம் தேடுகிறோம். வாதத்திறமை வளரும், சொந்த முடிவுக்கு வரும் பழக்கம் வளராது.

ஈழத்துத் தமிழ் மேடைப்பேச்சின் தொடக்கம் வேறு விதமானது. 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். புராணப்படிப்புக் கேட்டுப் பழகிய சனங்களுக்கு முன்னால் உரைநடையில் நின்று, இன்னின்ன நடைமுறை பிழை, இதை மாற்றுங்கள் என்று அவர் சொன்னார். அவரோடு எல்லாவற்றிலும் நமக்கு உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. தான் என்ன மாற்ற விரும்புகிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

நான் சொல்ல நினைப்பதை ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்களே?

உங்கள் ஊரை வைத்துச் சொன்னார்களா? 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்த இரவுக்குப் பிறகு வெள்ள முன்னெச்சரிக்கை பற்றி எத்தனையோ பேர் பேசினார்கள். உங்கள் வீதியின் கடைசி வீட்டில் கைபேசி இல்லாமல் தனியே இருக்கும் அம்மம்மாவுக்குச் செய்தியை யார் கொண்டுபோவது என்று யாரும் பேசியிருக்கமாட்டார்கள். பழைய கருத்தைச் சின்ன இடத்துக்குள் கொண்டுவாருங்கள்.

கைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் பேச்சு வந்துவிடுகிறது. ஏன் இவ்வளவு கஷ்டம்?

வரும். பத்துப் பேர் கேட்டால் பத்துப் பேருக்கும் ஏறத்தாழ அதே பேச்சு வரும். உங்கள் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் எந்தத் துருசு உடைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் வாக்கியம் கைக்கு வந்த பிறகு, "இதை மறுக்கிறவர் என்னென்ன சொல்வார்?" என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வேலைக்கு அது உதவும்.

பிரதேச செயலாளரும் அதிபரும் முன்வரிசையில் இருப்பார்கள். குறை சொல்வதுபோல் ஆகிவிடாதா?

ஆளைச் சொன்னால் குறை, நடைமுறையைச் சொன்னால் கருத்து. "அலுவலர்கள் கவனிப்பதில்லை" என்று சொன்னால் அவர்கள் முகம் இறுகும்; காது அடைபடும். "காணிப் பிணக்கு மனுவுக்குக் கிடைக்கும் பதிலில் அடுத்த படி என்ன என்று ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் மூன்று தடவை பஸ் ஏறி வரத் தேவையில்லை" என்று சொன்னால், அந்த ஒரு வரியை மறுநாள் அவரால் சேர்க்க முடியும். அதிகாரத்தில் இருப்பவர் முன்னால் பேசும்போது அவரால் செய்யக்கூடிய அளவுக்குக் கருத்தைக் கூர்மையாக்குங்கள். அதற்காகக் கருத்தை மழுக்கிப் புகழ்மாலையாக்கிவிடாதீர்கள். நம் மேடைகளில் அது வேண்டிய அளவு நடக்கிறது.

கருத்துத் தயாராகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

அந்த வாக்கியத்தை மூன்று பேரிடம் சொல்லுங்கள்: உங்களோடு உடன்படுபவர், உடன்படாதவர், அந்த விடயமே தெரியாத ஒரு பிள்ளை. மறுநாள் அவர்களிடம் நேற்று என்ன சொன்னேன் என்று கேளுங்கள். பிள்ளை தன் சொற்களில் சரியாகச் சொன்னால் வாக்கியம் தெளிவாக இருக்கிறது. உடன்படாதவர் இரவெல்லாம் யோசித்து ஒரு பதிலோடு வந்தால் அது வலுவாக இருக்கிறது. அவருடைய பதிலையும் பேச்சுக்குள் கொண்டுவாருங்கள், அவர் சொன்ன விதத்திலேயே, நியாயமாக. மூவரும் "நல்ல பேச்சு" என்று மட்டும் சொன்னால் இன்னும் வேலை இருக்கிறது.

விழா நாளைக்கு. இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன செய்ய?

அண்மையில் நீங்கள் கண்ட ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பஸ்ஸில் கண்டது, வயலில் கண்டது, வைத்தியசாலை வரிசையில் கண்டது, எதுவானாலும். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அது ஏன் உங்கள் மனதை விட்டுப் போகவில்லை என்று சொல்லுங்கள். உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியைச் சபையிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு இறங்குங்கள். மூன்று நிமிடம் போதும். ஏற்பாட்டாளரிடம் மட்டும் இன்றிரவே சொல்லிவிடுங்கள். மிச்ச நேரத்தைப் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கு அவர் ஒதுக்கிக்கொள்வார்.